ரிகாவில் கருக்கொண்ட தீர்மானம்

2022 நவம்பர் 4ஆம் தேதி, நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபையின் மூன்றாம் குழுவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மனித உரிமை, சமூக விவகாரங்களைக் கவனிக்கும் குழு அது. அன்று எடுத்துக்கொண்டது நாஜிசத்தைப் போற்றிப் புகழ்வதைக் கண்டிக்கும் தீர்மானம். ஆதரவு 105, எதிர்ப்பு 52, நடுநிலை 15. எதிர்த்த நாடுகளின் வரிசையில் ஜெர்மனி இருந்தது. ஆஸ்திரியா இருந்தது. இத்தாலியும் ஜப்பானும் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் ஓர் உலக வரைபடம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டது. எதிர்த்த நாடுகள் சிவப்பு, ஆதரித்தவை பச்சை. அன்றைய அச்சு நாடுகள் இன்றும் மாறவில்லை என்று கீழே ஒரு வரி. எனக்கும் வந்தது. பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது உண்மை. ஸ்வஸ்திகாவை வீதியில் காட்டினாலே வழக்குப் போடும் நாடு ஜெர்மனி. தலைநகரின் நடுவில் கொல்லப்பட்ட யூதர்களுக்கு நினைவிடம் எழுப்பி வைத்திருக்கும் நாடு. அது ஏன் இப்படிக் கை தூக்கியது?

வரைபடத்தில் விடை இல்லை. அந்தத் தீர்மானம் எங்கே, யாருக்கு, எந்தக் கோபத்தில் பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால் லாட்வியாவின் தலைநகரான ரிகாவில் போய் நிற்போம், ஒரு மார்ச் மாதக் காலையில்.

ஆண்டுதோறும் மார்ச் 16 அன்று ரிகாவின் பழைய நகரத்துத் தேவாலயம் ஒன்றில் வழிபாடு நடக்கும். அது முடிந்ததும் முதியவர்களும் அவர்களின் வாரிசுகளும் பூங்கொத்துகளோடு சுதந்திரச் சின்னத்தை நோக்கி நடப்பார்கள். லாட்வியா முதன்முறை சுதந்திர நாடாக இருந்தபோது, 1935இல், எழுப்பிய சின்னம் அது. சாலையின் இருபுறமும் போலீஸ் நிற்கும். எதிர்ப்பாளர்கள் வதைமுகாம்களின் புகைப்படங்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஊர்வலம் போகும் முதியவர்கள் ஒரு காலத்தில் லாட்வியப் படையணியில் இருந்தவர்கள். அந்தப் படையணியின் முழுப் பெயரில், நாஜிகளின் எஸ்.எஸ். அமைப்பின் போர்ப்பிரிவைக் குறிக்கும் வாஃபன் எஸ்.எஸ். என்ற சொல் இருக்கிறது. சண்டை முழுக்க அந்தச் சொல்லைச் சுற்றித்தான்.

அதைப் புரிந்துகொள்ள லாட்வியர்கள் பட்ட பாட்டையும், லாட்வியாவின் யூதர்கள் பட்ட பாட்டையும் தனித்தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பதுதான் இந்தக் கதையில் எல்லோரும் செய்த தவறு.

1939 ஆகஸ்ட் 23 அன்று மாஸ்கோவில் ஸ்டாலினின் வெளியுறவு அமைச்சர் மொலடோவும் ஹிட்லரின் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வெளியே சொன்னது போர் தொடுக்க மாட்டோம் என்ற உறுதி. கூடவே ஓர் இரகசிய இணைப்பும் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவை யார் யாருக்கு என்று பங்கு பிரித்த தாள் அது. லாட்வியா சோவியத் பங்கில் விழுந்தது. 1940 ஜூனில் செஞ்சேனை உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 14 அன்று ஒரே இரவில் சுமார் 15,000 பேரைக் கால்நடைப் பெட்டிகளில் ஏற்றி சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களில் லாட்விய யூதர்களும் ஏராளம். ஒரு வாரம் கழித்து ஜெர்மானியர்கள் படையெடுத்தார்கள். ஜூலை முதல் தேதி ரிகா அவர்கள் கைக்கு மாறியது. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அந்த நிலைமைதான். ஒரு வித்தியாசம் உண்டு: யூதர்களுக்கு விழுந்த இடி உயிரையே வேரோடு பிடுங்கியது.

ரிகாவுக்குத் தென்கிழக்கே ரும்புலா என்ற காடு இருக்கிறது. ஊரிலிருந்து பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர். 1941 நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் அங்கே சுமார் 25,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பனிக்குளிரில் ஆடைகளைக் களையச் சொல்லி, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த குழிகளில் இறங்கிப் படுக்கச் சொன்னார்கள். திட்டம் போட்டது ஃப்ரீட்ரிஷ் யெக்கெல்ன் என்ற எஸ்.எஸ். தளபதி. ரிகாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ குடியிருப்பிலிருந்து காடு வரை மக்களை ஓட்டிச் சென்றவர்களில் லாட்வியக் காவலர்களும், விக்டர்ஸ் அராய்ஸ் என்பவன் திரட்டிய லாட்வியக் கொலைப்படையினரும் இருந்தார்கள். போர் முடிந்தபோது லாட்வியாவின் யூதர்களில் சுமார் 70,000 பேர் உயிரோடு இல்லை.

லாட்வியப் படையணி அதற்குப் பிறகுதான் உருவானது. 1943 பிப்ரவரியில் ஹிட்லர் உத்தரவிட்டான். ஆக்கிரமித்த நாட்டின் மக்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சர்வதேசச் சட்டம் இடம் தராது. ஆகவே தன்னார்வப் படை என்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்களைப் பிடித்தார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு. உத்தரவுத் தாள் வீட்டுக்கு வந்து, போகாவிட்டால் தண்டனை என்ற பயத்தில் போனவர்கள்தான் அதிகம். 15ஆம், 19ஆம் டிவிஷன்கள் 1944 மார்ச் 16 அன்று வெலிகாயா ஆற்றங்கரையில் முதன்முறையாகத் தோளோடு தோள் நின்று செஞ்சேனையை எதிர்த்தன. ஊர்வலத்துக்கு அந்தத் தேதி வந்தது அப்படித்தான்.

படையணியை ஆதரிப்பவர்கள் சொல்வது இது: எங்கள் பையன்கள் ஹிட்லருக்காகச் சாகவில்லை, 1941இல் எங்களை நாடு கடத்தியவர்கள் திரும்பி வரக் கூடாது என்று செத்தார்கள், யூதர்கள் கொல்லப்பட்டது படையணி பிறப்பதற்கு முன்னால். காலக்கணக்கு சரிதான். ஆனால் அராய்ஸின் ஆட்களும், கொலைகளில் பங்கெடுத்த போலீஸ் பட்டாலியன்காரர்களும் பிறகு அதே படையணிக்குள் சேர்க்கப்பட்டார்கள் என்பதும் பதிவான உண்மை. பதினெட்டு வயதில் இழுத்துச் செல்லப்பட்ட விவசாயியின் மகனும், ரும்புலாவில் துப்பாக்கி பிடித்தவனும் ஒரே சீருடையில் ஒரே வரிசையில் நின்றார்கள். சின்னத்தின் அடியில் வைக்கும் பூங்கொத்து யாருக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஊர்வலத்தை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

நூரம்பர்க் தீர்ப்பாயம் 1946இல் எஸ்.எஸ். அமைப்பையே குற்றவாளி அமைப்பு என்று அறிவித்தது. வாஃபன் எஸ்.எஸ். பிரிவும் அதில் அடங்கும். ஆனால் அரசால் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, குற்றம் எதுவும் செய்யாதவர்களுக்கு அதே தீர்ப்பு விலக்கும் கொடுத்தது. பின்னாளில் ஒரு தரப்பு தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது, மறுதரப்பு பின் பாதியை மட்டும். அமெரிக்கா 1950இலேயே, அகதிகளை ஏற்கும் சட்டத்துக்காக, பால்டிக் வாஃபன் எஸ்.எஸ். படைகளை ஜெர்மன் எஸ்.எஸ்ஸிலிருந்து வேறானவை என்று வகைப்படுத்திவிட்டது. பனிப்போர் ஆரம்பித்துவிட்ட நேரம் அது.

மார்ச் 16 நினைவுநாள் புலம்பெயர்ந்த லாட்வியர்களிடம்தான் வளர்ந்தது. பெல்ஜியத்தின் செடல்கெம் ஊரில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த போர்க்கைதி முகாமில், 1945 டிசம்பரில், படையணிக்காரர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். நாடு இல்லாமல் போனவர்களுக்கு ஒரு தேதியாவது வேண்டியிருந்தது. லாட்வியா மீண்டும் விடுதலை பெற்றபோது அந்தத் தேதியும் ஊர் திரும்பியது. 1998இல் நாடாளுமன்றம் அதை அரசு நினைவு நாளாகவே அறிவித்தது. அந்த ஆண்டு ஊர்வலத்தில் நாட்டின் ராணுவத் தளபதியே கலந்துகொண்டார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. தளபதி பதவியை விட்டு விலக நேர்ந்தது. 2000த்தில் அரசு நாள்காட்டியிலிருந்து அந்தத் தேதியை எடுத்துவிட்டார்கள். ஊர்வலம் மட்டும் நிற்கவில்லை.

மாஸ்கோவின் கோபம் அந்த ஆண்டுகளில்தான் சூடேறியது. கோபத்தில் நியாயமும் இருந்தது, கணக்கும் இருந்தது. நியாயத்தை முதலில் சொல்கிறேன். நாஜிகளுடனான போரில் சோவியத் ஒன்றியம் இழந்த உயிர்கள் சுமார் 2.7 கோடி. லெனின்கிராடில் மக்கள் பட்டினியில் செத்தார்கள். ஆஷ்விட்ஸின் கதவைத் திறந்தது செஞ்சேனை. அப்பனையோ தாத்தாவையோ அந்தப் போரில் இழக்காத ரஷ்யக் குடும்பத்தைக் காண்பதே அரிது. அந்தக் குடும்பங்களுக்கு, எஸ்.எஸ். சின்னம் அணிந்து தங்கள் பிள்ளைகளைச் சுட்டவர்கள் தலைநகர் வீதியில் மாலை மரியாதையோடு நடப்பது எப்படி இருக்கும்? அதே சமயம் வசீலி கோனனோவ் என்ற முன்னாள் சோவியத் கெரில்லா வீரரை லாட்வியா 1998இல் கைதுசெய்தது. 1944 மே மாதம் ஒரு சிற்றூரில் கிராமத்தார் ஒன்பது பேரைக் கொன்ற தாக்குதலை அவர் தலைமையேற்று நடத்தினார் என்பது வழக்கு. நாஜிகளை எதிர்த்தவருக்குச் சிறை, நாஜிகளோடு நின்றவர்களுக்கு ஊர்வலமா என்று மாஸ்கோ கொதித்தது. புதின் 2000த்தில் அவருக்கு ரஷ்யக் குடியுரிமையே கொடுத்தார். (பத்தாண்டு கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, லாட்வியா அவரைத் தண்டித்ததில் தவறில்லை என்று சொன்னது. கொல்லப்பட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார்.)

இனிக் கணக்கு. லாட்வியாவில் சோவியத் காலத்தில் குடியேறிய ரஷ்ய மொழி பேசுவோர் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1990களில் அவர்களில் சுமார் ஏழு லட்சம் பேர் குடியுரிமை இல்லாதவர்களாக நின்றார்கள். ரஷ்யப் பள்ளிகளில் லாட்விய மொழிவழிக் கல்வியைக் கூட்டும் சட்டம் 2004இல் தெருப் போராட்டங்களைக் கிளப்பியது. அதே ஆண்டு மார்ச் 29 அன்று லாட்வியா, எஸ்டோனியா, லிதுவேனியா மூன்றும் நேட்டோவில் சேர்ந்தன. மே முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய சோவியத் நிலத்துக்குள் நேட்டோ கால்வைத்தது அதுவே முதல் முறை.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 2004 ஏப்ரலில், ஜெனீவாவில் நமது தீர்மானம் பிறந்தது.

அன்று ஐ.நா.வின் மனித உரிமை ஆணையம் ஜெனீவாவில் கூடிக்கொண்டிருந்தது. ரஷ்யா அங்கே ஒரு வரைவைக் கொண்டுவந்தது. இனவெறியின் இன்றைய வடிவங்களைத் தூண்டும் சில நடைமுறைகள் ஏற்கத் தகாதவை என்பது அதன் தலைப்பு. தலைப்பில் நாஜி என்ற சொல் கிடையாது. உள்ளே போனால்தான் வாஃபன் எஸ்.எஸ். முன்னாள் உறுப்பினர்களைப் புகழ்வது, அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்புவது, அவர்கள் பெயரில் பொது ஊர்வலம் நடத்துவது என்று வரிசையாக வரும். எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த எவருக்கும் மார்ச் 16 நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த சில மாதங்களில் எஸ்டோனியா அதற்கு உதாரணம் வழங்கியது போல ஒரு காரியம் நடந்தது. லிஹுலா என்ற சிற்றூரில் 2004 ஆகஸ்டில் ஒரு கல் நாட்டினார்கள். ஜெர்மானிய ராணுவச் சீருடையில் ஒரு வீரன் அதில் செதுக்கப்பட்டிருந்தான். போல்ஷெவிசத்தை எதிர்த்துப் போராடிய எஸ்டோனியர்களுக்கு என்று கீழே எழுத்து. எஸ்டோனிய அரசே அதை ஏற்கவில்லை. செப்டம்பர் 2 அன்று போலீஸ் துணையோடு பாரந்தூக்கியைக் கொண்டுவந்து அகற்றியது. ஊர் மக்கள் கல்லெறிந்தார்கள். அரசு செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காயம், வேறொரு சிலை மீது ஆத்திரமாகத் திரும்பியது. தாலின் நகர நடுவே சோவியத் காலத்து வெண்கலப் போர்வீரன் நின்றிருந்தான். லிஹுலா கல்லை எடுத்தீர்களே, இவனை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2007 ஏப்ரலில் அரசு அவனைப் பெயர்த்து ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றியபோது, தாலின் வீதிகளில் இரண்டு இரவு கலவரம் நடந்தது. ஓர் உயிர் போனது. தீர்மானத்தின் பிந்தைய வடிவங்களில், நாஜிசத்தை எதிர்த்தவர்களின் சின்னங்களை அகற்றுவது பற்றியும் பத்திகள் சேர்ந்தன. ஒவ்வொரு பத்திக்குப் பின்னாலும் இப்படி ஏதோ ஒரு சிலை, ஏதோ ஒரு தெரு.

2005 டிசம்பர் 16 அன்று தீர்மானம் நியூயார்க்கில் பொதுச் சபைக்கு ஏறியது. அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் வருகிறது. நவம்பரில் மூன்றாம் குழு, டிசம்பர் நடுவில் பொதுச் சபை. 2012இல்தான் தலைப்பிலேயே நாஜிசம் என்ற சொல் வந்தது. சிறிதாகப் பிறந்தது பல பக்கங்களாக நீண்டது. இனவெறியைக் கண்காணிக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு, இதைப் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை எழுதும் பொறுப்பும் சேர்ந்தது. செனகலின் டூடூ டியேன் தொடங்கி ஆப்பிரிக்கர்கள் நால்வர் கைமாறி வந்த அந்தப் பொறுப்பு, 2022 நவம்பரில் பெங்களூரைச் சேர்ந்த அஸ்வினி கே.பி. கைக்கு வந்தது. அவர் தலித் பெண். ஆசியாவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள்.

இத்தனை ஆண்டும் அமெரிக்கா எதிர்த்தே வாக்களித்தது. அதன் காரணங்களில் ஒன்று உண்மையிலேயே அதன் மரபிலிருந்து வருவது. வெறுப்புப் பேச்சையும் சட்டத்தால் தடுக்கக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு நீதிமன்றங்கள் கொடுத்த பொருள். 1977இல், வதைமுகாமிலிருந்து தப்பியவர்கள் நிறையப் பேர் வாழ்ந்த ஸ்கோக்கி என்ற சிகாகோ புறநகரில் அமெரிக்க நாஜிகள் ஊர்வலம் போக அனுமதி கேட்டார்கள். நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. அந்த ஊர் மக்களின் வேதனையை நினைத்தால் அந்தத் தத்துவம் எனக்குக் கசக்கிறது. ஆனாலும் அது வேஷம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றக் காரணம் அரசியல்: இது அண்டை நாடுகளை நாஜிகள் என்று முத்திரை குத்த ரஷ்யா வைத்திருக்கும் கருவி என்று வாஷிங்டன் சொல்லிவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022க்கு முன்பு வரை எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை, ஒதுங்கியே இருந்தது. இஸ்ரேல் பல ஆண்டுகள் ஆதரித்தே வாக்களித்தது. இந்தியாவும் அப்படித்தான்.

இந்தியா என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. ஹிட்லருக்கு எதிரான கூட்டணியை எதிர்த்துப் போரிட்டு, நாஜிகளோடு ஒத்துழைத்தவர்களைத் தேச விடுதலைப் போராளிகள் என்று அறிவிக்க முயல்வதும் கவலைக்குரியது என்று பிந்தைய தீர்மானங்களில் ஒரு பத்தி உண்டு. பால்டிக் நாடுகளையும் உக்ரைனையும் மனத்தில் வைத்து எழுதிய பத்தி. ஆனால் அந்தச் சொற்களை நேராக வைத்துப் படித்தால் அவை நம் வீட்டுச் சுவர் வரை வந்து தொடும். நேதாஜி 1941 முதல் 1943 வரை பெர்லினில் இருந்தார். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தார். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு ஜெர்மனியில் ஓர் இந்தியப் படையணி திரட்டப்பட்டது. அவர் நீர்மூழ்கியில் ஏறிக் கிழக்கே போன பிறகு, 1944 ஆகஸ்டில், அந்தப் படையணி வாஃபன் எஸ்.எஸ்ஸோடு இணைக்கப்பட்டது. எதிரிக்கு எதிரி என்ற கணக்கில் ஒரு அடிமை நாடு எங்கெல்லாம் போய் நிற்க நேரும் என்பது நமக்குத் தெரியாத பாடம் அல்ல. தமிழ்நாட்டில் நேதாஜி படம் மாட்டாத ஊர் இல்லை. நானும் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான். லாட்வியர்களிடம் நான் கேட்கும் கேள்வியை, ரும்புலாவின் குழிகளுக்கு முன்னால் நின்று, எனக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்திய அரசின் பிரதிநிதி ஆண்டுதோறும் பச்சைப் பொத்தானை அழுத்தும்போது இதை யாராவது நினைக்கிறார்களா என்று எனக்குள் ஓடும்.

தீர்மானத்தின் சொற்களில் பிழை காண்பது கடினம். அது சொல்லாமல் விட்டதில்தான் சிக்கல். 1939 ஆகஸ்ட் 23 அதன் பார்வையில் படவே இல்லை. ஹிட்லரோடு பங்கு பிரித்த கை எது என்ற கேள்வி அதில் எழாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுபோல் சோவியத் அரசு அந்த இரகசிய இணைப்பையே ஐம்பது ஆண்டுகள் மறுத்துவந்தது. 1989இல், ஒப்பந்தத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளில், தாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை சுமார் இருபது லட்சம் மக்கள் கைகோத்து நின்றார்கள். அந்த டிசம்பரில்தான் மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது. ஆனால் ஒப்புக்கொண்ட உண்மையைப் பிறகு மறுபடியும் பூட்டி வைத்தார்கள். நாஜிசத்துக்குப் புனர்வாழ்வு கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 2014 மே மாதம் ரஷ்யாவில் வந்தது. அந்தச் சட்டத்தில் முதலில் சிக்கியவர்களில் ஒருவர் பெர்ம் நகரத்துக்காரர். அவர் ஹிட்லரைப் புகழவில்லை. 1939இல் ஜெர்மனியும் சோவியத்தும் சேர்ந்து போலந்தைத் தாக்கின என்று சொன்ன ஒரு கட்டுரையை இணையத்தில் பகிர்ந்தார். இரண்டு லட்சம் ரூபிள் அபராதம். 2016 செப்டம்பர் முதல் தேதி ரஷ்ய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. போலந்து மீது ஜெர்மனி படையெடுத்ததும் ஒரு செப்டம்பர் முதல் தேதியில்தான்.

இன்னொன்றும் விடுபட்டது. யூதர் என்ற சொல்லை சோவியத் நினைவுச் சின்னங்கள் கல்லில் வெட்டவே தயங்கின. கீவ் நகரத்தின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 தேதிகளில் நாஜிகள் 33,771 யூதர்களைக் கொன்றார்கள். 1976இல் அங்கே எழுந்த சோவியத் சின்னம், கொல்லப்பட்டவர்களைச் சோவியத் குடிமக்கள் என்று மட்டும் சொன்னது. ஏன் கொல்லப்பட்டார்கள் என்பதை மறைத்துவிட்டு அவர்களை நினைவுகூரவும் முடியுமா?

உக்ரைன் இந்தக் கதைக்குள் வருவது 2014இல். கிரீமியா ரஷ்யாவிடம் பறிபோன ஆண்டு. அதற்கு முன்பெல்லாம் ஒதுங்கி நின்ற நாடு அந்த நவம்பரில் அமெரிக்காவோடும் கனடாவோடும் சேர்ந்து எதிர்த்தது. அந்த நாட்டுக்கும் தீராத பழங்கணக்கு ஒன்று உண்டு. ஸ்டெபான் பண்டேராவின் தேசியவாத அமைப்பும் அதன் படையும் யூதர்களையும், 1943இல் வோலினியாவில் போலந்து கிராமத்தாரையும் கொன்ற வரலாறு மறுக்க முடியாதது. 2010 ஜனவரியில் அதிபர் யுஷ்செங்கோ பண்டேராவுக்கு உக்ரைன் வீரர் பட்டம் கொடுத்தபோது ஐரோப்பிய நாடாளுமன்றமே வருத்தம் தெரிவித்தது. கனடாவுக்கும் ஒரு பாடம் காத்திருந்தது. 2023 செப்டம்பரில், உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கி வந்திருந்த நாளில், ஒட்டாவா நாடாளுமன்றத்தில் 98 வயது முதியவர் ஒருவரை உக்ரைன் சுதந்திர வீரர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அவையே எழுந்து நின்று கைதட்டியது. அவர் வாஃபன் எஸ்.எஸ். கலீசியா டிவிஷனில் இருந்தவர் என்பது பிறகு வெளியே வந்தது. அவைத்தலைவர் அந்தோணி ரோட்டா பதவி விலகினார். தீர்மானம் எச்சரிக்கும் ஆபத்து கற்பனை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அதற்குள் தீர்மானத்தைத் தூக்கிப் பிடித்த கையே ஆயுதம் எடுத்துவிட்டது. 2022 பிப்ரவரி 24 விடியலில் புதின் உக்ரைனிலிருந்து நாஜிசத்தைக் களையப் போவதாகச் சொல்லிப் படையை அனுப்பினார். மார்ச் முதல் தேதி, பாபின் யார் அருகே இருக்கும் தொலைக்காட்சிக் கோபுரத்தை ஏவுகணை தாக்கியது. மார்ச் 18 அன்று கார்கிவ் நகரத்தில் ஒரு குடியிருப்பின் மீது குண்டு விழுந்ததில் போரிஸ் ரோமன்சென்கோ இறந்தார். வயது 96. பூகன்வால்ட், பேனமுண்டே, டோரா, பெர்கன்-பெல்சன் என்று நான்கு நாஜி முகாம்களிலிருந்து உயிர்தப்பியவர். ஹிட்லரால் கொல்ல முடியாத மனிதரை நாஜிசத்தை ஒழிக்க வந்ததாகச் சொன்ன படை கொன்றது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

அந்த ஆண்டு எல்லாம் ஒன்றாக இறங்கியது. மே மாத இறுதியில் செடல்கெம் ஊரில், லாட்வியப் படையணிக் கைதிகள் நினைவாக 2018இல் எழுப்பியிருந்த தேன்கூட்டுச் சின்னத்தை, பல நாட்டு எதிர்ப்புகளுக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 25 அன்று ரிகாவில் சோவியத் வெற்றிச் சின்னத்தின் 79 மீட்டர்த் தூண் குளத்துக்குள் சரிந்து விழுந்தது. ஊரே நின்று பார்த்தது. நவம்பரில் தீர்மானம் மூன்றாம் குழுவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா, ஜப்பான், லைபீரியா, வட மாசிடோனியா நான்கும் ஒரு திருத்தம் கொண்டுவந்தன: நாஜிசத்தை ஒழிப்பதாகச் சொல்லி உக்ரைன் மீதான ஆக்கிரமிப்பை ரஷ்யா நியாயப்படுத்துவது கவலைக்குரியது என்று ஒரு பத்தி. அது 63க்கு 23 என்ற கணக்கில் சேர்ந்தது. 65 நாடுகள் ஒதுங்கின. ரஷ்யா எழுதிய தாளுக்குள்ளேயே ரஷ்யாவைக் கண்டிக்கும் பத்தி. அப்படித் திருத்திய தாளையும் ஜெர்மனி எதிர்த்தது. அதைக் கொண்டுவந்தவர்களின் கையிலிருந்து எந்த வடிவத்திலும் வாங்க மாட்டோம் என்பதுதான் அந்த வாக்கின் பொருள். டிசம்பர் 15 அன்று பொதுச் சபையில் 120க்கு 50 என்று அது நிறைவேறியது.

ஜெர்மனியின் கோபம் எனக்குப் புரிகிறது. வாக்கு எனக்கு ஒப்பவில்லை. அழுக்குக் கையில் இருக்கிறது என்பதற்காக ஓர் உண்மையைத் தட்டிவிட்டால் அது யாருடையதாகவும் இல்லாமல் மண்ணில் விழும். முன்போல ஒதுங்கி நின்று, 1939ஐயும் சேர்த்து எழுதுங்கள் என்று வாதாடியிருக்கலாம். தாங்களே ஒரு நேர்மையான வரைவை எழுதி மேசையில் வைத்திருக்கலாம். அந்த வரைவை இந்த இருபது ஆண்டுகளில் யாரும் எழுதவில்லை.

மூன்றாம் குழு கூடும் நவம்பர் தொடக்கத்துக்கும் பொதுச் சபை கூடும் டிசம்பர் நடுவுக்கும் இடையில்தான் நவம்பர் 30 வருகிறது, டிசம்பர் 8 வருகிறது. ரும்புலா காட்டில் ஒரு கல் இருக்கிறது. 1960களில் ரிகா யூதர்கள் தாங்களாகவே அந்த இடத்தைத் துப்புரவாக்கி, அதிகாரிகளோடு போராடி வைத்த கல். ஃபாசிசத்துக்குப் பலியானவர்களுக்கு என்று லாட்விய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதியிருக்கிறது. யூதர் என்று எழுத விடவில்லை. ஆனால் மூன்றாவதாக அதே வாசகத்தை இத்திஷ் மொழியில் வெட்டிக்கொள்ள அவர்கள் அனுமதி வாங்கிவிட்டார்கள். யார் கொல்லப்பட்டார்கள் என்பதை அந்த எழுத்தே சொல்லிவிடுகிறது. நவம்பர் 30 அன்று அங்கே மக்கள் கூடுகிறார்கள், கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அதே நாள் மாலை ரிகா நகரத்துக்குள்ளும் மெழுகுவத்திகள் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாத லாட்வியர்கள். ஏற்றும் இடம் சுதந்திரச் சின்னத்தின் அடி; மார்ச் 16 அன்று பூங்கொத்துகள் வைக்கிறார்களே, அதே இடம்.